ஆயில் ஸ்டிக்கில் ஏறிய டீசல்

வண்டியில் ஆயில் குறைந்தால் எல்லோருக்கும் பயம் வரும். எங்கள் வண்டியில் ஆயில் கூடியது. காலையில் பானெட்டைத் திறந்து, ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவுக்கு ஈரம். நான் ஊற்றவில்லை. தம்பியைக் கேட்டேன், அவனும் ஊற்றவில்லை என்றான். ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் வாடை.

எங்களுடையது காமன் ரயில் என்கிற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு டீசல் முறை வருவதற்கு முந்தைய காலத்து டீசல் பிக்கப். இரண்டரை லிட்டர் எஞ்சின், ரோட்டரி பம்ப் (டீசலை அளந்து, எஞ்சினுக்குள் தூவுகிற நாசில்களுக்கு அழுத்தி அனுப்புவது). நாமக்கல்லில் சரக்கு ஏற்றி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கொல்லிமலை சோளக்காட்டில் இறக்குவதுதான் வாரத்தில் நாலு நாள் பிழைப்பு. ஏறும்போது மளிகை, சிமென்ட், உர மூட்டை. இறங்கும்போது பருவத்தைப் பொறுத்துப் பலா, அன்னாசி, வாழைத்தார், மிளகு. அதாவது பாரம் ஏற்றத்தில்தான் அதிகம். எஞ்சினில் சின்னக் குறை இருந்தாலும் மலை அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்படித்தான் அதற்கு முந்தைய இரண்டு வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. காரவள்ளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இருபதாவது வளைவு தாண்டியதும் இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இரண்டாவது கியரில் விக்கி விக்கி நகரும். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஏறும். அப்புறம் நாலு வளைவு தாண்டி அதே கதை.

விசாரித்த இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது: நாசிலைக் கழற்றணும், பம்பைச் சர்வீசுக்குக் கொடுக்கணும். ரோட்டரி பம்பை எங்கள் பக்கம் பழைய ஆட்கள் இன்னும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள், 2008இல் அந்தக் கம்பெனியின் பெயரே பாஷ் என்று மாறிவிட்ட பிறகும். அதைக் கழற்றிச் சர்வீஸ் செய்து, டைமிங் வைத்து மாட்டுவதென்றால் ஒரு வாரம் வண்டி நிற்கும், செலவும் ஐந்து இலக்கம். அந்தச் செலவைச் செய்யாமல் என்னைத் தடுத்தது ஒரே ஒரு விஷயம்தான். வண்டி திணறும்போது புகையே வரவில்லை. பாரத்தோடு திணறி, கூடவே கரும்புகையும் தள்ளினால், டீசல் போகிறது, காற்று பத்தவில்லை அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். புகையில்லாமல் திணறினால் எஞ்சினுக்கு டீசலே போய்ச் சேரவில்லை. இது தெரிந்திருந்தும் முதல் வாரம் ஏர் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஆயில் ஸ்டிக்கைப் பார்த்த அன்றைக்கே, எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

“ஏந்தம்பி, ஆயிலு கொறையுதுன்னுதான் எல்லாரும் வருவாங்க. நீங்க கூடுதுன்னு வந்து நிக்கறீங்களே” என்று சிரித்தார். பிறகு ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு ஆயிலைத் தினத்தாள் துண்டில் விட்டார். நடுவில் கறுப்பு வட்டம். கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றி எண்ணெய்க் காகிதம் போல மினுக்கிக்கொண்டு இன்னொரு வட்டம் அகலமாகப் பரவியது. “வெளி வட்டம் தெரியுதுங்களா? அதான் டீசலு. ஏசி பம்ப்பக் கழட்டுங்க.”

ஏசி பம்ப் என்றதும் குளிர்சாதனம் என்று நினைக்க வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக ரோட்டரி பம்புக்குத் தள்ளுகிற சின்னப் பம்புக்குப் பட்டறையில் அதுதான் பெயர். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கும். உள்ளே போகிற அதன் நெம்புகோலை கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள, ரப்பர்த் துணியாலான டயஃப்ரம் மேலும் கீழும் போய் வரும். அந்த டயஃப்ரம் கிழிந்தால் டீசல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். எங்களுடையதில் நகம் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

சமதளத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. ரோட்டரி பம்புக்குள்ளேயே, தகடுகள் சுழன்று உறிஞ்சுகிற சின்ன ‘வேன்’ பம்ப் ஒன்று உண்டு. ஏசி பம்ப் படுத்துவிட்டாலும் அது தானாகவே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காலி வண்டிக்கும் சமதளத்துக்கும் அது போதும். ஒன்றரை டன்னை ஏற்றிக்கொண்டு முழு ஆக்சிலேட்டரில் மலை ஏறப் போதாது. அதுவும் அப்படி உறிஞ்சும்போது, கிழிந்த டயஃப்ரம் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுக்கும். ரோட்டரி பம்புக்கு உயவு கொடுப்பதே அதன் வழியாக ஓடுகிற டீசல்தான். வேறு ஆயில் கிடையாது. காற்றும் தண்ணீரும் கலந்த டீசலில் அதை ஓட்டுவது, கிரீஸ் இல்லாத பேரிங்கை ஓட்டுவது மாதிரி. இரண்டு வாரம் அப்படி ஓட்டியிருக்கிறேன். பம்ப் பிழைத்தது எங்கள் நல்ல நேரம்.

புது ஏசி பம்ப் மாட்டியிருக்கலாம். முந்தைய வருடம் மாட்டியதும் புதுசுதான், பெயர் தெரியாத ஏதோ ஒரு டூப்ளிகேட். பத்து மாதம் தாங்கவில்லை. இந்த மாடலுக்கு அசல் கிடைப்பது அரிதாகிவிட்டது. எனவே எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். கூடவே, டீசலில் உள்ள தண்ணீரைப் பிரித்துக் கிண்ணத்தில் நிறுத்துகிற வாட்டர் செப்பரேட்டரும்.

கடைக்குப் போனதும் முதல் தவறைச் செய்ய இருந்தேன். 12 வோல்ட் பம்ப் என்று கேட்டதற்கு, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்பை எடுத்து நீட்டினார்கள். விலை அதிகம், பார்க்கவும் கம்பீரம். அதன் அழுத்தம் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐக்கு மேல். அதைக் கொண்டுபோய் ரோட்டரி பம்பின் வாயில் மாட்டினால் முன்பக்க ஷாஃப்ட் சீல் பிதுங்கி, ஆயிலுக்குள் டீசல் இறங்குகிற அதே சீக்குக்கு வேறு வழி திறந்திருக்கும். நமக்கு வேண்டியது அழுத்தம் குறைந்த, ஓட்டம் நிறைந்த பம்ப். 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை தள்ளுகிற, தீப்பெட்டியைப் பெரிதாக்கியது போல இருக்கிற, மின்காந்தத்தால் தட்டித் தள்ளுகிற சாலினாய்டு வகை. ஓடும்போது டிக் டிக் என்று தட்டும். விலையும் அதில் பாதிதான். பெட்டியின் மேல் டீசலுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா பெட்ரோல் பம்பும் டீசலுக்கு ஆகாது.

மாட்டுகிற வேலை ஒரு நாள். ஏசி பம்ப் இருந்த ஓட்டையை அப்படியே விட முடியாது, ஆயில் வெளியே அடிக்கும். லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகட்டை அதே வடிவத்தில் வெட்டி, பேக்கிங் வைத்து, மெல்லிசாக அனபாண்ட் பசை தடவி மூடினோம். ஃபில்டர் பக்கம், டீசல் போக நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்களை மாற்ற வேண்டும். அளவுக்குப் புதுசு கிடைக்காத இரண்டை அண்ணன் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார். செம்பு அதில் மிருதுவாகி மறுபடி நன்றாக அமரும். டெஃப்லான் டேப்பை மட்டும் தொடவிடவில்லை. குழாய் வேலைக்கு அது சரி. இங்கே அதன் ஒரு இழை பிய்ந்து உள்ளே போனால் ரோட்டரி பம்பில் போய்த்தான் நிற்கும்.

பழைய ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஒழுகியது. இதைச் செய்யாமல் பம்பை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

ஏர் எடுப்பது, அதாவது லைனில் அடைந்த காற்றை வெளியேற்றுவது, இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முன்பெல்லாம் ஏசி பம்பின் கைப்பிடியைக் கட்டை விரல் மரத்துப்போகும் வரை அடிக்க வேண்டும். இப்போது ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு மின்சாரம் கொடுத்ததும் நுரை நுரையாக வந்து, பிறகு கெட்டியாக டீசல் வந்தது. ஸ்க்ரூவை முடுக்கினோம். அடுத்து ரோட்டரி பம்பின் வாயில் அதே போல. கடைசியாக நாசில் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடித்தோம். அப்போது லைனுக்கு எதிரே கையை நீட்டக் கூடாது. நூறு பாருக்கு மேல் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போனால் ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

வண்டி சிணுங்காமல் ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் டீ குடித்தோம்.

மூன்றாம் நாள், சிமென்ட் பாரத்தோடு முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் மறுபடி அதே விக்கல்.

அந்தக் கணம் வந்த கோபத்தில் பம்பைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசியிருப்பேன். தம்பிதான், “அதே எடத்துல பழைய பம்ப்பும் மக்கர் பண்ணுச்சு, புதுப் பம்ப்பும் பண்ணுதுன்னா, கோளாறு பம்ப்புல இல்லண்ணா” என்றான். சொன்னதில் பாதி சரி. பழைய பம்ப் கிழிந்திருந்தது உண்மைதானே. ஆனால் அதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்தே இருந்திருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மற்றதைத் தேடாமல் விட்டுவிட்டோம்.

மறுநாள் ரோட்டரி பம்புக்குச் சற்று முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற டியூபை இணைத்தோம். பரிசோதனைக்கு மட்டும்தான். அந்த டியூப் டீசலில் கொஞ்ச நாளில் கட்டையாகிவிடும், நிரந்தரமாக விடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்ததும் டியூபுக்குள் பாசிமணி கோத்த மாதிரி குமிழிகள் வரிசையாக ஓடின. டீசல் எங்கும் ஒழுகவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் காற்று நுழைகிறது. பம்புக்குப் பின்னால் உள்ள லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வந்து நம்மைக் கூப்பிடும். முன்னால், அதாவது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருந்தால் அது சத்தமில்லாமல் காற்றைக் குடிக்கும்.

எந்த இடம் என்று கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு கேனில் டீசல் ஊற்றி வண்டியின் மேலே வைத்து, பம்பின் உறிஞ்சும் ஹோஸை அதில் விட்டோம். குமிழி நின்றுவிட்டது. அப்படியானால் பம்பும் ஃபில்டரும் நல்லவை, டேங்க் பக்கம்தான் கோளாறு. அடுத்து டேங்கிலிருந்து வரும் லைனின் இரண்டு முனையையும் கழற்றி, ஒன்றை அடைத்து, மற்றதில் சைக்கிள் பம்பை வைத்து மெதுவாக அடித்தேன். தம்பி ஷாம்பு நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தான். டேங்கின் தலையில், இரும்புக் குழாயில் ஹோஸ் நுழைகிற இடத்தில் நுரை கொப்பளித்தது. ஹோஸ் கிளிப் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குள் ரப்பர் காய்ந்து கல்லாகி, உள்பக்கம் வெடித்திருந்தது. கத்தியால் அறுத்துப் பார்த்தபோது காய்ந்த மரப்பட்டை மாதிரி உடைந்தது.

ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் விடவில்லை. பம்பை எங்கே மாட்டியிருக்கிறோம் என்று பார்க்கச் சொன்னார். கை எட்டுகிற இடம் என்று எஞ்சின் அறைக்குள், கேபினைப் பிரிக்கிற தகடான ஃபயர்வாலில் உயரமாக மாட்டியிருந்தோம். டேங்கோ பின்னால், சேஸிஸுக்குக் கீழே. இந்த மாதிரிப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து, அதுவும் மேலே இழுக்க வைத்திருக்கிறோம். மலையில் வண்டியின் மூக்கு மேலே தூக்கும்போது எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் உயரம் கூடும். அரை டேங்க் டீசலில் போனால் அதற்கும் மேல். காரவள்ளி வரை வராத கோளாறு ஏற்றத்தில் வந்ததன் கணக்கு இதுதான்.

பம்பைக் கழற்றி, டேங்குக்குப் பக்கத்திலேயே, சேஸிஸின் உள்பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டினோம். சேஸிஸில் புது ஓட்டை போடவில்லை, ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட். வரிசை இப்படி: டேங்க், வாட்டர் செப்பரேட்டர், பம்ப், பிறகு பழைய துணி ஃபில்டரும் பேப்பர் ஃபில்டரும், கடைசியில் ரோட்டரி பம்ப். செப்பரேட்டரைப் பம்புக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. பம்ப் ஒரு முறை அடித்துக் கலக்கிவிட்டால் தண்ணீர் பொடிப்பொடியாக டீசலோடு மோர் மாதிரி கலந்துவிடும், அப்புறம் பிரிவது கஷ்டம். கலங்காத டீசலில்தான் தண்ணீர் கனத்து அடியில் தங்கும். ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் நுணுக்கமாக வடிகட்டுகிற ஃபில்டரைப் போட்டுவிடக் கூடாது, பம்புக்கு மூச்சுத் திணறும். முன்னால் 30 மைக்ரான் போதும், நுணுக்கமான வடிகட்டலைப் பின்னால் உள்ள பேப்பர் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

வயரிங்கிலும் நான் சோம்பல்பட்டிருந்தேன். வைப்பர் வயரிலிருந்து ஒரு கிளை இழுத்துப் பம்புக்குக் கொடுத்திருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.5 வோல்ட், பம்பின் முனையில் 10.8. பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியதுதான் பாதிக் காரணம். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், ஒரு ஃபியூஸ், சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற ஒரு ரிலே, சேஸிஸைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்தபின் எர்த். எஞ்சின் ஓடும்போது இப்போது 13.6 வருகிறது.

ரிலேவை நேரடியாகச் சாவிக்குக் கொடுக்காமல் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுத்தோம். ஏசி பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். எலெக்ட்ரிக் பம்புக்கு அந்த அறிவு கிடையாது. வண்டி எங்காவது மோதி, எஞ்சின் நின்று, டீசல் லைன் அறுந்து, சாவி மட்டும் ஆனில் இருந்தால் அது பாட்டுக்குச் சாலையில் டீசலைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆயில் பிரஷர் இல்லையென்றால் பம்பும் இல்லை என்று செய்துவிட்டால் நிம்மதி. சாதாரண ஆயில் லைட் சுவிட்ச் இதற்கு உதவாது, அது நேர் எதிராக வேலை செய்வது. மூன்று முனை உள்ள சுவிட்சாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன்பும் ஏர் எடுக்கும்போதும் பம்பை ஓட்ட டேஷ்போர்டில் ஒரு அழுத்துப் பட்டன் வைத்தோம்.

மாட்டி முடித்ததும் பம்பின் வெளிவாயைக் கழற்றி ஒரு லிட்டர் பாட்டிலில் விட்டுப் பார்த்தேன். நாற்பது வினாடியில் நிறைந்தது. ஃபயர்வாலில் இருந்தபோது இதே பாட்டில் நிறைய இரண்டு நிமிடம், அதுவும் துப்பித் துப்பி. இந்தப் பாட்டில் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மலையில் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும். செலவு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம், அதில் இரண்டாம் முறை செய்த வேலைக்கான கூலி மட்டும் என் அவசரத்தின் விலை.

அடுத்த நடை முழு பாரம், அரை டேங்க். வேண்டுமென்றேதான் அரை டேங்கில் எடுத்தோம். இருபது தாண்டியது, முப்பது தாண்டியது, நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஐம்பதுக்கு மேல்தான் தம்பி ரேடியோவைப் போட்டான்.

செப்பரேட்டர் கிண்ணத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீழே உள்ள திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் வடிக்கிறோம். மழைக்காலத்தில் மேலே மஞ்சளாக டீசலும், அடியில் ஒரு பெருவிரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீரும், அதற்கும் அடியில் துரு மண்ணும் நின்றன. அது பெட்ரோல் பங்கின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் மலையில் அவசரத்துக்கு வைத்திருந்த டிரம்மின் மூடி சரியாக மூடவில்லை, ராத்திரிப் பனியும் மழையும் அதில்தான் இறங்கியிருக்கின்றன. டிரம்மை விற்றுவிட்டோம். பங்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அடுத்த பங்குக்குப் போய்விடுகிறோம், அடியில் கிடப்பதெல்லாம் கலங்கியிருக்கும் நேரம் அது.

ஹோஸ்களை டீசலுக்கான நைட்ரைல் ரப்பராக மாற்றி, மாற்றிய மாதத்தை பெயின்ட்டால் டேங்கின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில், வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும், மாற்றிவிடுவது என்று கணக்கு.

இப்போது காலையில் தம்பி முதலில் பட்டனைத்தான் அழுத்துகிறான். லைனில் காற்று இருந்தால் டிக் டிக் டிக் என்று வேகமாக, லேசாகத் தட்டும். டீசல் நிறைந்து அழுத்தம் ஏறினால் தட்டு கனத்து மெதுவாகும். இன்றைக்கு நாலைந்து தட்டிலேயே மெதுவானது. சாவியைத் திருப்பினான்.